குழந்தையும் ஊஞ்சலும்



ஊஞ்சலை அறியாதவர் நம்முள் இலர். கூடத்து உத்தரத்தில் சங்கிலியிட்டுத் தொங்கும் மரப்பலகையாயினும், வேப்பங்கிளையில் கட்டிய தாம்புக் கயிறாயினும், அதில் ஏறி ஆடிய இன்பத்தை எவரும் மறப்பதில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசற் பருவம் என்று ஒரு பருவத்தையே நம் புலவர்கள் வகுத்து வைத்தனர். ஆயினும், விளையாட்டுக் கருவியாகிய இந்த ஊஞ்சலுக்கு மருத்துவத்திலும் கல்வியிலும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலர் அறியார். ஆட்டிசம் எனப்படும் தன்மையுடைய குழந்தைகளின் வாழ்வோடு அவ்வரலாறு நெருங்கிய தொடர்புடையது. அதனையே இன்று காண்போம்.

ஆட்டிசம் என்பது தொற்றி வரும் நோயன்று. மூளை வளரும் முறையில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. இத்தன்மையுடைய குழந்தைகள் பிறரோடு பேசுவதிலும் பழகுவதிலும் இடர்ப்படுவர். சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வர். இவற்றோடு, புலன்கள் தரும் செய்திகள் அவர்களுள் பலருக்கு மிகையாகவோ குறைவாகவோ படுகின்றன. நமக்குச் சிறிதாகத் தோன்றும் ஒலி அவர்களுக்கு இடியாக இருக்கலாம். நமக்கு மயக்கம் தரும் சுழற்சி அவர்களுக்கு அமைதி தரலாம்.

புலன்கள் ஐந்து என்று நாம் படித்திருக்கிறோம். அவ்வைந்தில் அடங்காதவையும் உள. காதின் உட்பகுதியில் பக்கத்திற்கு மூன்றாக வளைந்த குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் அசைய, அவ்வசைவை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. பிரான்சு நாட்டு அறிஞர் ஃபுளூரான் 1820-களில் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து, அக்குழல்கள் கெட்டால் பறவை நிலை தடுமாறுவதைக் கண்டார். தசைகளும் மூட்டுகளும் தம் நிலையை மூளைக்கு உணர்த்தும் மற்றோர் உணர்வும் உண்டு. இருட்டிலும் நம் கை எங்கிருக்கிறது என்று நாம் அறிவது அதனாலேயாம். அதற்கு 1906-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன். ஊஞ்சலில் ஆடும் குழந்தை இவ்விரண்டு உணர்வுகளையும் ஒருங்கே தூண்டிக்கொள்கிறது.

மருத்துவ உலகில் ஊஞ்சல் முதலில் நுழைந்த வாயில் நல்ல வாயில் அன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே மனநோய் விடுதி ஒன்றை நடத்திய ஜோசப் மேசன் காக்ஸ் என்பவர், 1804-இல் வெளியிட்ட நூலில் சுழலும் ஊஞ்சல் ஒன்றை விவரித்தார். நோயாளியை நாற்காலியில் பிணித்து, வாந்தியும் மயக்கமும் வரும் வரை சுழற்றுவது அம்முறை. அயர்லாந்தின் கார்க் நகரத்து மனநோய் விடுதியிலும் அது பின்பற்றப்பட்டது. அடங்காத நோயாளி அச்சத்தால் அடங்கினான். அதனையே குணம் என்று கொண்டனர். கட்டுண்டவன் கையில் ஊஞ்சலை நிறுத்தும் ஆற்றல் இல்லை. இதனை நினைவில் வையுங்கள்.

அதே காலத்தில் பாரிசு நகரில் வேறொரு காட்சி. 1800-ஆம் ஆண்டில், பிரான்சின் தென்பகுதியாகிய அவேரோன் காட்டுப்புறத்திலிருந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் அகப்பட்டான். அவனுக்குப் பேச்சு இல்லை. உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பான். திருந்தாத மூடன் என்று அறிஞர் பலர் அவனைக் கைவிட்டனர். காது கேளாதோர் பள்ளியில் பணியாற்றிய இளம் மருத்துவர் இடார் அவனைக் கைவிடவில்லை. விக்டர் என்று அவனுக்குப் பெயரிட்டு ஐந்தாண்டுகள் பாடுபட்டார். கெரன் என்னும் அம்மையார் அவனைத் தாய்போல் பேணினார்.

இடார் கண்டவை வியப்புக்குரியவை. அருகில் துப்பாக்கி வெடித்தாலும் அச்சிறுவன் அதிரமாட்டான். ஆனால் அவன் விரும்பிய வாதுமையினக் கொட்டையின் ஓடு மெல்ல உடைபடும் ஒலி கேட்டால் உடனே திரும்புவான். காது செவிடன்று, கேட்கும் முறையே வேறு. தோட்டத்தில் ஒற்றைச் சக்கரக் கைவண்டியில் அவனை ஏற்றி உருட்டுவது வழக்கமாயிற்று. பிறகு, தனக்கு அவ்விருப்பம் எழும்போதெல்லாம் அவன் வீட்டினுள் சென்று, ஒருவரைக் கைப்பற்றி அழைத்து வந்து, வண்டியின் பிடியை அவர் கையில் வைத்துத் தான் ஏறி அமர்வான். அவர் இணங்காவிடில் இறங்கிச் சிறிது தூரம் வண்டியைத் தானே உருட்டிக் காட்டி, மறுபடியும் ஏறிக்கொள்வான். பேச்சறியாத சிறுவனுக்கு அந்த வண்டியே பேச்சாயிற்று. விக்டர் ஆட்டிசம் உடையவனாய் இருத்தல் கூடும் என்பது இக்கால அறிஞர் சிலரின் கருத்து. எதிர்பார்த்த அளவு அவன் பேசக் கற்கவில்லை, 1828-இல் மறைந்தான். ஆயினும் இடார் எழுதிய இரண்டு அறிக்கைகள், பின்வந்த ஆசிரியர் பலருக்கு வழிகாட்டின.

இடாரின் மாணவர் செகன். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று பாரிசில் பள்ளி நடத்திய அவர், பின்னர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். முதலில் தசை, அடுத்துப் புலன், அதன் பின்னரே எழுத்து என்பது அவர் கொள்கை. ஏணியும் ஊஞ்சலும் அவருடைய பாடக் கருவிகளாயின. அவர் நூலை ஊன்றிப் பயின்றவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் ரோம் நகரின் ஏழைமக்கள் பகுதியில் அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், செகனைப் பின்பற்றிய ஊஞ்சல் ஒன்றும் இடம்பெற்றது. கால்களையும் தாங்கும் அகன்ற இருக்கை. எதிரே சுவரில் வழுவழுப்பான பலகை. குழந்தை தன் பாதங்களால் அப்பலகையை உதைத்துத் தானே ஆடிக்கொள்ள வேண்டும். காக்ஸின் ஊஞ்சலில் ஆட்டுபவர் பிறர். இங்கே ஆடுவதும் நிறுத்துவதும் குழந்தை. ஒரு நூற்றாண்டில் ஊஞ்சல் கைமாறிய வரலாறு இது.

இவ்வம்மையார் நமக்கு அயலார் அல்லர். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். 1946 வரை நம் நாட்டில் இருந்தார்.

ஆட்டிசம் தனியொரு நிலையாக உலகின் கவனத்திற்கு வந்தது 1943-ஆம் ஆண்டில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களை அச்சுறுத்திய பொருள்களை அதில் அடுக்குகிறார்: மூன்று சக்கர வண்டி, மின்தூக்கி, தூசு உறிஞ்சும் பொறி, முட்டை அடிக்கும் கருவி, காற்றுங்கூட. அப்பட்டியலில் ஊஞ்சலும் இருக்கிறது! ஒரு குழந்தைக்கு அமுதாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் அப்பாடத்தை உலகம் உடனே கற்கவில்லை. தாய் தந்தையரின் அன்புக் குறைவே இந்நிலைக்குக் காரணம் என்னும் கொடிய கருத்து பரவிற்று. கானரே ஒரு காலத்தில் அதற்கு இடங்கொடுத்தார். 1967-இல் பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதனை மேலும் பரப்பியது. எத்தனை தாய்மார் செய்யாத குற்றத்திற்காகக் கண்ணீர் வடித்தனரோ! ஆட்டிசம் உடைய மகனின் தந்தையாகிய ரிம்லண்டு என்னும் உளவியலாளர் 1964-இல் எழுதிய நூலில், காரணம் உடலமைப்பில் உள்ளதேயன்றித் தாயின் மனத்தில் இல்லை என்று வாதாடினார். காலப்போக்கில் அவர் பக்கமே வென்றது.

இவ்வேளையில், ஆட்டிசம் உடைய ஒருவரே தமக்கெனக் கருவி செய்துகொண்ட நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையாருக்குச் சிறு வயதில் பிறர் அணைப்பது வேண்டியும் இருந்தது; பொறுக்கவும் முடியவில்லை. அரிசோனா மாநிலத்தில் தம் அத்தையின் பண்ணைக்குச் சென்றிருந்தபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் நெருக்கிப் பிடிக்கும் அடைப்பைக் கண்டார். மிரண்ட மாடுகள் சில அதனுள் அமைதியடைவதைக் கவனித்தார். தாமும் அதனுள் புகுந்து பார்த்தார், படபடப்புத் தணிந்தது. பதினெட்டாம் வயதில் மரப்பலகையும் மெத்தையும் கொண்டு தமக்கென ஒன்று செய்தார். கல்லூரியில் உளவியலார் அதனை விலக்க முயன்றபோது, அறிவியல் ஆசிரியர் ஒருவர், அது ஏன் அமைதி தருகிறது என்று நீயே ஆராய்ந்து அறி எனத் தூண்டினார். அத்தூண்டுதல் அவரைப் பேராசிரியராக்கியது. நெருக்கத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பிடி, உள்ளே இருப்பவர் கையிலேயே இருந்தது என்பதே அக்கருவியின் சிறப்பு. பிற்காலத்தில் அது பழுதடைந்தபோது அவர் அதனைச் செப்பனிடவில்லை. மனிதரை அணைத்துக்கொள்ள அப்போது அவர் பழகியிருந்தார்.

இத்துறைக்கு முறையான வடிவம் தந்தவர் ஜீன் ஏர்ஸ் அம்மையார். கலிபோர்னியாவில் 1920-இல் பிறந்த இவர், செயல்வழிப் பயிற்சி மருத்துவத்தில் தேர்ந்தவர். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றாக இணைத்தால்தான் கற்றல் நிகழும் என்று 1972-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். பெற்றோருக்கென 1979-இல் மற்றொரு நூலும் எழுதினார். வலைத்தூளி, உருளைத் திண்டு ஊஞ்சல், குப்புறப் படுத்துச் சரிவில் உருண்டு வரச் சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை ஆகியவை அவருடைய பயிற்சிக்கூடத்துக் கருவிகள். எதனை எவ்வளவு நேரம் என்பதைக் குழந்தையின் நாட்டமே காட்ட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி.

பயிற்சிக்கூடத்திலிருந்து இக்கருவிகள் நாளடைவில் வீடுகளுக்கு வந்தன. கூரைக் கொக்கியில் தொங்கும் துணி ஊஞ்சலும், எடை சேர்த்துத் தைத்த போர்வையும் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. இவற்றால் பயன் உண்டா? வரலாறு படிப்போர் இவ்வினாவை அஞ்சாமல் கேட்க வேண்டும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இப்பயிற்சிகளைப் பிற பயிற்சிகளோடு ஒன்றாகக் கொள்ளலாம். ஆனால் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோர்க்குச் சொல்லிவிட வேண்டும் என்றது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், புலனுணர்வு வேறுபாட்டை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகத் தன் நூலில் சேர்த்தது. 32 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து, 2014-ஆம் ஆண்டு இதழில் வெளிவந்த ஆய்வு, அன்றாடச் செயல்களில் முன்னேற்றம் காட்டிற்று. பிரிட்டனில் 138 குழந்தைகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வோ, எரிச்சல் முதலிய நடத்தைகளில் வழக்கமான உதவியைவிட மேலான பயனைக் காணவில்லை. எடைப் போர்வை உறக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014-இல் மற்றோர் ஆய்வு கண்டது. எனினும் குழந்தைகள் அப்போர்வையை விரும்பினர். ஆகவே, ஊஞ்சல் ஆட்டிசத்தை மாற்றிவிடும் என்று எவரேனும் கூறிப் பொருள் கேட்டால் நம்ப வேண்டா. ஒரு குழந்தைக்கு ஒரு நாளின் கொந்தளிப்பை அது தணிக்குமானால், அதுவே போதிய பயன்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. கனடாவில் 2008-ஆம் ஆண்டு, பள்ளியொன்றில் கனத்த போர்வையால் சுற்றப்பட்ட சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தானே விலக்க முடியாத எடையைக் குழந்தை மீது சுமத்தலாகாது; தலையையும் முகத்தையும் மூடலாகாது. கொக்கியும் கயிறும் பெரியவர் எடையையும் தாங்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். கீழே மெத்தை வேண்டும். பெரியவர் ஒருவரின் கண் அங்கே இருக்க வேண்டும். வலிப்பு வரும் குழந்தையாயின் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. முகம் வெளுத்தாலும், வியர்த்தாலும், குழந்தை கையை விலக்கினாலும் உடனே நிறுத்துக. விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமென்பதும் இல்லை. உரம் பார்த்துக் கட்டிய ஊஞ்சற்பலகையும், நடைவண்டியும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வரும் சிறு வேலையுங்கூட அவ்வுணர்வுகளுக்கு உணவே.

முடிவாக என் குறை ஒன்றைக் கூற வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நானும் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்துத் தேர்வு எழுதியவன்தான். ஆயினும், என் வகுப்பில் மணி ஒலிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, இருக்கையில் முன்னும் பின்னும் ஆடிய மாணவன் ஒருவனைப் பலமுறை எழுப்பி நிற்க வைத்தேன். அசையாமல் இரு என்பதே நான் அவனுக்குச் சொன்ன பாடம். அவன் அசைவு குறும்பன்று, அமைதியைத் தேடிய முயற்சி என்று எனக்கு அன்று தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, விக்டர் வண்டியின் பிடியை ஒருவர் கையில் கொண்டுவந்து வைத்த செய்தியைப் படித்த நாளில் அம்மாணவன் முகமே என் நினைவுக்கு வந்தது. அவனும் என்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்டிருந்தான், நான் கேட்கவில்லை.

நண்பர்களே! 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம் உடையோரின் உரிமைகளையும் நம் நாட்டில் உறுதி செய்திருக்கிறது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே அழைத்து அமர்த்த வேண்டியவர்கள் அருகில் இருக்கும் நாமே. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ அத்தகைய தம்பியோ தங்கையோ இருந்தால், நகைக்காதீர்கள். ஊஞ்சலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆட விரும்பினால் ஆட்டுங்கள். போதும் என்று அக்குழந்தை தன் வழியில் சொன்னால் நிறுத்துங்கள்.