தீவனத்தில் டாக்சின் பைண்டர் இருக்கிறதா? ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் கவனியுங்கள்

அடி அண்ணாமலை போன்ற திருவண்ணாமலை சுற்றுவட்டார கிராமங்களில் மணிலா சாகுபடியும் கறவை மாடு வளர்ப்பும் சேர்ந்தே நடக்கின்றன. மணிலா பிண்ணாக்கு நல்ல புரதத் தீவனம். ஆனால் சரியாகக் காயாத மணிலாவில் பூஞ்சை பிடித்தால், பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு சேர்ந்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, தீவனத்தில் கலந்த மணிலா பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. இந்த நச்சு கண்டறியப்பட்டது அப்படித்தான்.

நச்சைப் பிடித்து வைக்கவே தீவனத்தில் டாக்சின் பைண்டர் சேர்க்கிறோம். இதில் பெரும்பாலும் இருப்பது பென்டோனைட் என்ற களிமண். நல்ல பொருள்தான். ஆனால் நச்சைப் பிடிக்கும் அதே களிமண், காசு கொடுத்து வாங்கிய ஆன்டிபயாடிக்கையும் பிடித்துக்கொள்ளும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

பென்டோனைட், புத்தகத் தாள்போல அடுக்கடுக்கானது. அந்த அடுக்குகளில் எதிர்மின்சுமை உண்டு. இரைப்பையின் புளிப்பு நீரில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் நேர்மின்சுமை பெறுவதால், அடுக்குகளின் இடையே போய் ஒட்டிக்கொள்கின்றன. கோழிகளுக்குக் கொடுக்கும் டைலோசின், டில்மைகோசின் மருந்துகளும் இப்படியே ஒட்டும். ஒட்டிய மருந்து ரத்தத்துக்குப் போகாமல் சாணத்தோடும் எச்சத்தோடும் வெளியேறிவிடும்.

கரிக்கும் இந்தக் குணம் உண்டு. கிராபீன் என்பது ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கரித்தாள். 2004-ல் அதைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகளுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. டெட்ராசைக்ளினின் தட்டையான வளையங்கள், கிராபீன் ஆக்சைடு தாளின்மேல் படிந்து ஒட்டுவதை ஆய்வகங்களில் கண்டுள்ளனர். தண்ணீரில் கலந்த மருந்தை நீக்க இது உதவுமா என்று ஆராய்கிறார்கள். கிராபீன் நம் தீவன மூட்டையில் இருக்காது. ஆனால் கழிச்சல் கண்ட கன்றுக்குக் கரித்தூளும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வீணாகலாம். டெட்ராசைக்ளினைப் பாலில் கலந்து கொடுப்பதும் தவறு. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அதைப் பிடித்துவிடும்.

இதனால் என்ன நஷ்டம்?

மருந்து குறைவாகச் சேர்ந்தால் நோய் தீராது. தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து மாட்டுக்கும் உதவாது, மனிதருக்கும் உதவாது. மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது இந்த அச்சத்தால்தான்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

• தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். டாக்சின் பைண்டர், பென்டோனைட், கரி எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• வாய்வழி மருந்துக்குப் பதில் ஊசி போடலாமா என்று கேளுங்கள். ஊசி மருந்து குடல் வழியாகப் போகாமல் ரத்தத்தில் சேர்வதால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது.
• கோழிகள் நாள் முழுதும் தீவனம் கொத்துவதால் நேர இடைவெளி பலன் தராது. மருத்துவர் ஆலோசனைப்படி, சிகிச்சை நாட்களில் பைண்டர் இல்லாத, பூஞ்சை இல்லாத தீவனத்துக்கு மாறுங்கள்.
• குணமாகவில்லை என்று நீங்களே மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள்.
• மருந்து ஒட்டிப்போயிருக்கும் என்று எண்ணி, மருத்துவர் சொன்ன நாள்வரை பாலை விற்காதிருப்பதைத் தவறவிடாதீர்கள்.
• சிகிச்சை பெற்ற மாட்டின் சாணத்தை நன்கு மக்கிய பிறகே வயலில் இடுங்கள்.

மணிலாவை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மிகாமல் காயவைத்துச் சேமித்தால் பூஞ்சைக்கு இடமிராது; பைண்டரின் தேவையும் குறையும். அவசர சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மருத்துவர் வரும்போது தீவன மூட்டையின் சீட்டையும் எடுத்துக் காட்டுங்கள்.