தல்வார் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு

போன மாசம் எங்கள் கட்டிடத்தில் மூணாவது மாடிப் பையனுக்குக் கடற்படையிலிருந்து ஆர்டர் வந்தது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் செம்பூர்தான். அவன் அம்மா லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்திக் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, அங்க சாப்பாடு ஒழுங்காப் போடுவாங்களா?"

"அதெல்லாம் நல்லாப் போடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கேள்விக்குப் பின்னால் நம் மும்பையில் ஒரு சரித்திரமே இருக்கிறது!

முதலில் பையனின் வழியைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேரும் மாலுமிகள் முதலில் போவது ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா. அணிவகுப்பு, நீச்சல், துப்பாக்கி, ஒழுங்கு எல்லாம் அங்கே. 2023 மார்ச்சில் அங்கே பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியில் 273 பெண்களும் இருந்தார்கள். அதற்கப்புறம்தான் தொழில் படிப்பு. இயந்திரம் என்றால் லோனாவ்லாவில் ஷிவாஜி, மின்சாரம் என்றால் ஜாம்நகரில் வல்சுரா, தகவல் தொடர்பு என்றால் கொச்சியில் சிக்னல் பள்ளி.

1946-ல் அந்த சிக்னல் பள்ளி இங்கே கொலாபாவில் இருந்தது. பெயர் எச்.எம்.ஐ.எஸ். தல்வார். 1939-ல் 2,000 பேர்கூட இல்லாத கடற்படை, உலகப்போர் முடிவதற்குள் 25,000 பேரைத் தாண்டிவிட்டது. வயர்லெஸ் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பையன்கள் வேண்டும். நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, கைத்தொழில், போருக்குப் பின் எதிர்காலம் என்று ஆசை காட்டி ஆள் எடுத்தார்கள். வங்கியில் இருப்பவனுக்குத் தெரியும், விளம்பரத்தில் இருப்பது ஒன்று, கையெழுத்துப் போட்ட பிறகு கிடைப்பது வேறு :-)

பையன்கள் 'டிட்', 'டா' என்று மோர்ஸ் சங்கேதம் கற்றார்கள். ஆனால் ஒரே வேலை செய்த வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம், இவர்களுக்கு ஒரு சம்பளம். சாப்பாடு மோசம். கமாண்டர் கிங் என்பவரின் வாயோ அதைவிட மோசம். 1946 பிப்ரவரி 2-ம் தேதி தளபதி வரும் நாளில் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதியதற்காக பி.சி. தத் என்ற தந்தி மாலுமி கைதானார்.

பிப்ரவரி 18 காலை. 'சாப்பாடு இல்லையென்றால் வேலையும் இல்லை' என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகம் செய்த தப்புக் கணக்கு என்ன தெரியுமா? இவர்கள் சிக்னல்காரர்கள். கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே அதே நிர்வாகம்தானே! ஓரிரு நாளில் கராச்சி, கல்கத்தா, சென்னை வரை பரவியது. மொத்தம் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள். எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத்தலைவர். கொடிமரத்தில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் சேர்ந்து பறந்தன. சோற்றில் ஆரம்பித்தது, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய் என்கிற வரைக்கும் போனது.

பம்பாய் மில் தொழிலாளிகளும் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். படேல் பேச்சைக் கேட்டு 23-ம் தேதி பையன்கள் சரணடைந்தார்கள். யாரையும் பழிவாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். அப்புறம் 476 பேருக்கு வேலை போனது. அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தும், இந்தியாவும் சரி, பாகிஸ்தானும் சரி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருபது வயசுப் பையன், மோர்ஸ் தவிர வேறு வேலை தெரியாது, வெறுங்கையோடு ஊருக்குப் போயிருப்பான். அவன் அம்மா என்ன கேட்டிருப்பாள்?

கொலாபாவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் வைத்தது 2001-ல்தான். 55 வருஷம்!

சில்காவுக்குக் கிளம்பும் முன் மூணாவது மாடிப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். பயமுறுத்த இல்லை. ஒரே சம்பளம், மரியாதையான பேச்சு, தட்டில் நல்ல சோறு, இதெல்லாம் அவனுக்கு முன்னால் யாரோ கேட்டு, அதற்கான விலையும் கொடுத்தவை என்று தெரிந்துகொண்டு போகட்டுமே. அவன் அம்மாவும் வருகிறேன் என்கிறார். சாப்பாடு கட்டிக்கொண்டுதான் :-)