அந்து: நெல்மணிக்குள் பிறந்த சொல்

மழை விட்ட ஓர் இரவு, வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. உள்ளங்கையை விரித்து மூடினாலும் மறையாத சிறகுகள். செம்பு நிறம், ஒவ்வொரு சிறகிலும் ஒளி ஊடுருவும் முக்கோணக் கண்ணாடி, மேற்சிறகின் நுனி பாம்புத் தலைபோல் வளைந்திருந்தது.

"இதுக்குத் தமிழில என்ன பேர், மாமா?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்.

"அந்துப்பூச்சி" என்றேன். சொன்ன சொல் என்னை விடவில்லை.

ஊரில் அந்து என்றால் நெல்லில் விழுவது. "நெல்லில அந்து விழுந்திட்டுது, வெயில்ல காயப் போடு பிள்ளை" என்பார் அம்மம்மா. வைக்கோல் நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சி. அதன் புழு ஒரே நெல்மணிக்குள் புகுந்து, அரிசியைத் தின்று வளரும். பூச்சியானதும் வட்டத் துளை வழியே வெளியேறும். களஞ்சியத்தில் வழங்கிய அந்தச் சொல்தான் இன்று பாடநூல்களில் இவ்வினம் முழுவதற்கும் பொதுப்பெயர்.

விளக்கைத் தேடி வருவதை விட்டில் என்றும் சொல்வோம். விட்டில் வெட்டுக்கிளியையும் குறிக்கும். வடமொழிச் சலபமும் அப்படியே. அந்தச் சலபத்தின் வழியில்தான் சிங்களத்தார் அந்துப்பூச்சியைச் 'சலபயா' என்கிறார்கள். சுவரில் இருந்த பூச்சியின் அறிவியற் பேரினப் பெயர் அட்டகஸ். அதுவும் கிரேக்கத்தில் ஒருவகை வெட்டுக்கிளியின் பெயரே. தமிழிலும் வடமொழியிலும் போலவே, அறிவியற் பெயரிலும் வெட்டுக்கிளியின் பெயர் அந்துக்கு வந்திருக்கிறது.

அந்தச் சுவர்ப்பூச்சியின் ஆசிய உறவான அட்லஸ் பூச்சிக்கு, வானைத் தாங்கிய கிரேக்கப் பூதத்தின் பெயரை 1758இல் இட்டவர் லின்னேயஸ். நம் தீவினதை 1882இல் பிரெடரிக் மூர் 'அட்டகஸ் தப்ரோபானிஸ்' என்று தனியாகப் பிரித்தார். தப்ரோபனே என்பது கிரேக்கர் இலங்கையை அழைத்த பெயர். பாளியின் தம்பபண்ணியிலிருந்து வந்தது. நெல்லைச் சீமையின் தாமிரபரணியும் அதே சொல்தான்.

நெல்லந்தைப் போல் இது நெல்மணிக்குள் வளர்வதில்லை: கறுவா, கொய்யா இலைகளைத் தின்ற புழு பட்டுக்கூடு கட்டும். கூட்டை விட்டு வந்த பூச்சிக்கோ உண்ண வாயில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, துணை தேடி, முட்டையிட்டு மடிகிறது.

அந்து என்ற பெயர் கேட்டுத் தும்புத்தடியைத் தூக்காதீர்கள். இது உங்கள் அரிசியைத் தொடாது. விளக்கை அணையுங்கள், இருக்கும் சில நாளை அது வாழட்டும்.