வாசல்தோறும் வந்த வசனம்: ஹெர்ன்ஹூட் மொராவிய சபையின் அன்றாட ஜெபமும் திடப்படுத்துதலும் (1722–1803)

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1722ஆம் ஆண்டு தோன்றிய ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர், மொராவியத் திருச்சபையின் மறுமலர்ச்சிக்குக் களமாக அமைந்தது. அவ்வூரார் கடைப்பிடித்த மணிநேர ஜெபமும் நாள்வசன வழக்கமும் பெரும்பாலும் பக்தி எழுச்சியின் விளைவுகளாகவே விளக்கப்பட்டுள்ளன. இக்கட்டுரை அவற்றைப் பிளவுண்ட ஒரு சமூகம் தன்னை மீண்டும் கட்டிக்கொள்ள வகுத்த ஏற்பாடுகளாகக் காண்கிறது. நாள்வசனம் வீடு வீடாகச் சென்றபோது வீட்டாரின் செய்தியும் சபைக்குத் திரும்பி வந்தது. இந்த இருவழிப் போக்கே அவ்வழக்கத்தின் உயிர்நாடி என்பதும், அதே போக்கு கண்காணிப்பாகவும் அமைந்தது என்பதும், தரங்கம்பாடியில் அதன் எல்லை வெளிப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மொராவிய சகோதரர், ஹெர்ன்ஹூட், சின்சென்டார்ஃப், நாள்வசனம், மணிநேர ஜெபம், தரங்கம்பாடி.

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாற்றாய்வில் ஹாலே நகருக்கு நிலையான இடமுண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோரின் பணி ஹாலே பக்தி இயக்கத்தோடு பிணைந்தது. அவ்வியக்கத்தின் மடியில் வளர்ந்து, பின்னர் அதனோடு முரண்பட்டுத் தனிவழி சென்ற ஹெர்ன்ஹூட் சபையும் 1760ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தது. எனினும் தமிழ் ஆய்வுலகில் அது பெற்ற கவனம் குறைவு. அச்சபையாரின் அன்றாட ஜெப வாழ்வு எத்தகைய சூழலில் தோன்றியது, எவ்வாறு இயங்கியது, தன் ஊரைக் கடந்து சென்றபோது என்னவாயிற்று என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

பிளவுண்ட ஊர்

பொகீமியா, மொராவியா ஆகிய பகுதிகளில் 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'சகோதரர் ஐக்கியம்' என்னும் திருச்சபை, முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஒடுக்கப்பட்டு மறைவாக வாழ்ந்தது. அம்மரபின் வழிவந்தோர் சிலர் கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சரின் துணையுடன் எல்லை கடந்து சாக்சனிக்கு வந்தனர். சின்சென்டார்ஃப் பிரபு (1700–1760) தம் பெர்தெல்ஸ்டார்ஃப் பண்ணை நிலத்தில் அவர்களுக்கு இடமளித்தார். 1722 ஜூன் 17 அன்று முதல் மரம் வெட்டப்பட்டது. 'ஆண்டவரின் காவல்' என்னும் பொருள்பட அக்குடியிருப்பு ஹெர்ன்ஹூட் எனப் பெயர் பெற்றது.

ஐந்தாண்டுகளுக்குள் அங்குச் சுமார் 300 பேர் குடியேறியிருந்தனர். அவர்கள் ஒரே கொள்கையினர் அல்லர். மொராவிய அகதிகளுடன் லூத்தரன்களும் சீர்திருத்த சபையாரும் தனிக்கொள்கையினர் பலரும் கலந்திருந்தனர். நற்கருணை முறை, வழிபாட்டு ஒழுங்கு, உள்ளூர்க் குருவான ரோத்தேயின் அதிகாரம் ஆகிய அனைத்தும் சச்சரவுக்கு உள்ளாயின. 1726ஆம் ஆண்டு குரூகர் என்பவர் இடங்கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் என்றும், குருவைக் கள்ளத்தீர்க்கதரிசி என்றும் பறைசாற்றினார். விசுவாசத்தின் பொருட்டு வீட்டையும் நிலத்தையும் துறந்து வந்தவர்கள், வந்த இடத்தில் அண்டை வீட்டாரோடு பேசாதிருக்கும் நிலைக்கு ஆளாயினர்.

1727ஆம் ஆண்டு சின்சென்டார்ஃப் டிரெஸ்டன் நகரில் வகித்த அரசுப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று ஹெர்ன்ஹூட்டில் தங்கினார். வீடு வீடாகச் சென்று உரையாடினார். அவ்வாண்டு மே 12 அன்று, குடியிருப்போர் அனைவரையும் கட்டுப்படுத்தும் ஊர் விதிகளும், விரும்பியோர் ஏற்கும் சகோதர உடன்படிக்கையும் முன்வைக்கப்பட்டன. மூப்பர் பன்னிருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆகஸ்டு 13 அன்று பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடைபெற்ற நற்கருணை ஆராதனையில் பகைமை நீங்கி ஒருமனப்பாடு உண்டாயிற்று. மொராவியத் திருச்சபை அந்நாளையே தன் மறுபிறப்பு நாளாகக் கொண்டாடுகிறது. ஆயினும் அந்த ஒரு நாளுக்கு முன் பல மாதங்கள் நீண்ட வீட்டுச் சந்திப்புகள் இருந்தன என்பதை வரலாற்று நோக்கில் மறத்தலாகாது. வாசலுக்குச் சென்று பேசும் பழக்கம் எழுச்சியின் பின்விளைவன்று, அதற்கு முந்தியது.

மணிநேர ஜெபம்

ஆகஸ்டு 27 அன்று ஆடவர் 24 பேரும் பெண்டிர் 24 பேரும், நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒருவர் பொறுப்பில் ஏற்று ஜெபிக்க உடன்பட்டனர். பலிபீடத்து நெருப்பு அணையாது எரியவேண்டும் என்னும் லேவியராகமக் கட்டளை இதற்கு அடிப்படையாகச் சுட்டப்பட்டது. யாருக்கு எந்த மணி என்பது சீட்டுப் போட்டு முடிவு செய்யப்பட்டது. ஈடுபட்டோர் எண்ணிக்கை விரைவில் கூடியது. இவ்வழக்கம் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்ததாக மொராவிய மரபு கூறுகிறது.

இவ்வேற்பாட்டில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, இது கூட்டு ஜெபமன்று. ஜெபிப்பவர் தம் இடத்திலிருந்தே தனியாக ஜெபித்தார். ஆனால், தமக்கு முந்தைய மணியில் இன்னார் விழித்திருந்தார், அடுத்த மணியில் இன்னார் விழிப்பார் என்பதை அவர் அறிந்திருந்தார். தனிமையிலும் ஒருவர் தம்மைச் சங்கிலியின் ஒரு கண்ணியாக உணர இது வழிசெய்தது. இரண்டாவது, ஜெபத்திற்குரிய தேவைகளை அறிந்துகொள்ள இவர்கள் வாரந்தோறும் கூடினர். யார் நோயுற்றார், யார் மனம் தளர்ந்தார், எவ்வூரிலிருந்து என்ன செய்தி வந்தது என்பன அங்குப் பகிரப்பட்டன. பிறரின் நிலையை அறியாமல் பிறருக்காக ஜெபித்தல் இயலாது என்பதால், ஜெபமே செய்திப் பரிமாற்றத்தைத் தோற்றுவித்தது. ஓராண்டுக்கு முன் ஒருவரையொருவர் பழித்துக்கொண்ட ஊரில் இதன் பயன் பெரிது.

நாள்வசனத்தின் தோற்றம்

1728 மே 3 அன்று மாலைப் பாடல் ஆராதனையின் முடிவில், சின்சென்டார்ஃப் மறுநாளுக்கு உரியதாக ஒரு வாசகத்தைச் சபையாருக்கு அளித்தார். இவ்வாறு தொடங்கிய வழக்கம் 'லோசுங்' எனப்பட்டது. போர்ப்பாசறையில் நண்பரையும் பகைவரையும் பிரித்தறியக் காவலர் பரிமாறிக்கொள்ளும் அடையாளச் சொல்லையும் இச்சொல் குறிக்கும். அவ்வாசகம் வேதவசனமாகவோ ஞானப்பாட்டின் அடியாகவோ இருந்தது. அன்றைய ஹெர்ன்ஹூட்டில் 32 வீடுகள் இருந்தன. காலையில் சகோதரர் ஒருவர் அவற்றின் வாசல்தோறும் சென்று அன்றைய வசனத்தை அறிவித்தார்.

வசனத்தைச் சொல்லிவிட்டு அவர் உடனே அடுத்த வாசலுக்குச் செல்வதில்லை. வசனத்தைப் பற்றி வீட்டாரோடு உரையாடினார். அவர்களின் நிலையை விசாரித்தார். தாம் அறிந்ததைச் சபைப் பொறுப்பாளருக்குத் தெரிவித்தார். எனவே நாள்வசனம் வீட்டிற்குள் நுழைவதற்கான ஒரு தகுதியாகவும் அமைந்தது. காரணமின்றி ஒருவர் அண்டை வீட்டின் துயரை விசாரிக்கச் சென்றால் அது தலையீடாகக் கருதப்படக்கூடும். நாள்தோறும் எல்லா வீடுகளுக்கும் ஒரே வசனத்தோடு செல்பவரின் விசாரிப்பு அவ்வாறு கருதப்படுவதில்லை. நோயாளியின் வீடும் நலமுற்றோர் வீடும், பிணங்கியவர் வீடும் இணங்கியவர் வீடும் அன்று ஒரே சொல்லைப் பெற்றன. பேசாதிருந்த இருவருக்கும் பேசுவதற்கு ஒரு பொதுப்பொருள் கிடைத்தது.

திடப்படுத்துதலும் கண்காணிப்பும்

இவ்வளவு நெருக்கமான வாழ்விற்கு ஒரு விலையும் இருந்தது. சபையார் சிறு குழுக்களாகப் பகுக்கப்பட்டு, தம் உள்ளத்தின் நிலையை ஒருவருக்கொருவர் அறிவித்தனர். பின்னர் மணமானோர், கைம்பெண்கள், மணமாகாத சகோதரர், மணமாகாத சகோதரிகள், சிறுவர் எனப் பால், அகவை, மணநிலை ஆகியவற்றின் அடிப்படையில் பிரிவுகள் அமைந்தன. நற்கருணைக்கு முன் ஒவ்வொருவரும் தம் பிரிவின் பொறுப்பாளரோடு தனித்து உரையாடினர். தேற்றரவு தேடியவருக்கு அது அடைக்கலமாயிற்று. மறைத்துவைக்க விரும்பியவருக்கு மறைவிடம் இல்லாமற் போயிற்று. திருமண முடிவுகளுக்கும் சீட்டுப் போடும் முறை பயன்பட்டது. 1818ஆம் ஆண்டின் பொதுப் பேரவையே ஐரோப்பிய, அமெரிக்கச் சபைகளின் பொது உறுப்பினரை அக்கட்டாயத்திலிருந்து விடுவித்தது.

ஆயினும் இதே அமைப்பு, அக்காலத்துப் பிற சபைகளில் அரிதாயிருந்த ஒரு வாய்ப்பைப் பெண்களுக்கு அளித்தது. பால்வழிப் பிரிவு காரணமாகப் பெண்களின் ஆன்மிகப் பராமரிப்பு பெண்களின் பொறுப்பாயிற்று. 1730ஆம் ஆண்டு அன்னா நிட்ச்மன் தம் 14ஆம் வயதில் தலைமைப் பெண் மூப்பராகச் சீட்டு முறையில் தெரிவுசெய்யப்பட்டார். அவ்வாண்டு மே 4 அன்று அவரும் இளம்பெண்கள் 17 பேரும் செய்த உடன்படிக்கையே மணமாகாத சகோதரிகள் பிரிவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே, ஹெர்ன்ஹூட்டின் அன்றாட ஒழுங்கைத் தூய அன்பின் வெளிப்பாடு என்றோ, அடக்குமுறை என்றோ ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது. வாசலில் நின்று விசாரித்த குரலில் இரண்டும் கலந்திருந்தன.

அச்சில் ஏறிய வசனம்

1731ஆம் ஆண்டிற்குரிய நாள்வசனங்கள் முதன்முறையாக நூலாக அச்சிடப்பட்டன. சபையின் முதல் அருட்பணியாளர்களான டோபரும் டேவிட் நிட்ச்மனும் மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமசுக்குப் புறப்பட்டது 1732 ஆகஸ்டில்தான். கிரீன்லாந்துப் பணி 1733இல் தொடங்கியது. எனவே அயல்நாட்டுப் பணிக்காகவே நூல் தோன்றியது எனக் கூறுதல் கால வரிசைக்கு ஒவ்வாது. ஆனால் அப்பணிகள் தொடங்கிய பின் நூலின் பயன் பெருகியது. ஊருக்கு வெளியே வாழ்ந்த நண்பரும் கடல்கடந்த ஊழியரும் ஒரே நாளில் ஒரே வசனத்தைத் தியானிக்க அது உதவியது.

அச்சு ஒரு மாற்றத்தையும் உடன்கொணர்ந்தது. முதல்நாள் மாலையில் அளிக்கப்பட்ட வசனம், இப்போது ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. ஊரின் அன்றைய நிலைக்கேற்ப வசனத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு மறைந்தது. வாசலுக்கு வருபவர் இல்லாமலேயே வசனம் வீட்டில் இருந்தது. இவ்விழப்பை ஈடுசெய்தது கடிதமே. 1728 முதல் மாதந்தோறும் நடைபெற்ற 'சபை நாள்' கூட்டங்களில், வெளியூர்களிலிருந்தும் பின்னர்ப் பணிக்களங்களிலிருந்தும் வந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாசிக்கப்பட்டன. கையெழுத்துப் படிகளாக அவை பிற சபைகளுக்கும் சென்றன. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்டது. வீடுகளுக்குச் சென்ற சகோதரர் வசனத்தைக் கொடுத்துச் செய்தியைப் பெற்றதுபோல, நூல் வெளியே சென்றது, கடிதம் திரும்பி வந்தது. ஊரளவில் நிகழ்ந்த பரிமாற்றம் கடல்களைத் தாண்டி விரிந்தது.

தரங்கம்பாடிக் களம்

சின்சென்டார்ஃப் 1710 முதல் 1716 வரை ஹாலேயில் பயின்றவர். ஃபிராங்கேயின் இல்லத்தில் அயல்நாட்டு ஊழியச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். சீகன்பால்கு 1715ஆம் ஆண்டு ஹாலேக்கு வந்தபோது அவர் அங்கு மாணவராயிருந்தார். ஆனால் மொராவிய சகோதரர் தரங்கம்பாடிக்கு வந்தது அவர் மறைந்த 1760ஆம் ஆண்டில்தான். டேனிஷ் அரசின் நிக்கோபார்க் குடியேற்றத் திட்டத்தையொட்டி வந்த அவர்கள், பொறையாற்றை அடுத்து நிலம் பெற்று 'சகோதரர் தோட்டம்' என்னும் குடியிருப்பை அமைத்தனர். கைத்தொழில்களால் தம் தேவைகளை நிறைவுசெய்துகொண்டனர். தங்கள் களத்தில் அயல்சபையார் நுழைவதாகக் கருதிய ஹாலே மிஷனரிகள் அவர்களை எதிர்த்தனர்.

நிக்கோபார்ப் பணி 1768இல் தொடங்கி 1787இல் கைவிடப்பட்டது. நான்கௌரித் தீவில் 11 பேரும், அங்கிருந்து காய்ச்சலுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பிய பின் 13 பேரும் இறந்தனர் என்பதை அப்பணியில் பங்குகொண்ட ஹென்செல் பதிவுசெய்துள்ளார். அவருடைய கடிதங்கள் 1812ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தன. இத்தகைய சூழலில் ஹெர்ன்ஹூட்டின் ஜெப ஒழுங்கு அக்குடியிருப்பினருக்கு எத்துணை பற்றுக்கோடாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். 1803ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிப் பணியும் முடிவுற்றது.

நாற்பதாண்டுகளுக்கு மேல் தங்கியும் குறிப்பிடத்தக்க தமிழ்ச் சபை ஒன்றை அவர்களால் உருவாக்க இயலவில்லை. ஹாலே மிஷனரிகளின் எதிர்ப்பும் தொடர்ந்த மரணங்களும் இதற்குக் காரணங்கள். அவற்றோடு மற்றொன்றையும் கருதவேண்டும். வாசலுக்குச் செல்பவர் வீட்டாருக்கு ஏற்கெனவே அறிமுகமானவராகவும் அவர்களின் மொழியில் பேசுபவராகவும் இருத்தல் ஹெர்ன்ஹூட் முறையின் அடித்தளம். தமிழ்க் கிறித்தவரிடையே அவ்விடத்தை உபதேசியார்களும் நாட்டுக் குருமாரும் வகித்தனர். 1733ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற ஆரோன் இதற்குச் சான்று. சகோதரர் தோட்டத்தின் ஜெபம் அதன் வேலிக்குள் உயிரோடிருந்தது. வேலிக்கு வெளியே இருந்த வாசல்கள் வேறு ஊழியரை அறிந்திருந்தன.

முடிவுரை

ஹெர்ன்ஹூட்டின் அன்றாட ஜெபம் ஒற்றுமை நிலவிய சமூகத்தின் அணிகலனாகத் தோன்றவில்லை. ஒற்றுமை குலைந்த சமூகத்தின் தேவையாகத் தோன்றியது. மணிநேர ஜெபம் தனித்தனி மனிதரை ஒரே நாளின் பகுதிகளாக இணைத்தது. நாள்வசனம் அண்டை வீட்டாரை விசாரிக்க வழியமைத்தது. அதே நெருக்கம் தனிமனித உரிமையைக் குறுக்கியதும் மறுக்கவியலாதது. நாள்வசன நூல் இன்றும் ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகிறது. அதற்குரிய பழைய ஏற்பாட்டு வசனங்கள் இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டு எடுத்தே தெரிவுசெய்யப்படுகின்றன. நூல் நிலைத்தது. 1728ஆம் ஆண்டின் காலைப்பொழுதுகளில் 32 வீடுகளுக்கு நடந்து சென்றவரின் பணி அந்நூலில் அடங்குவதன்று. வசனத்தைக் கொண்டு சென்றவர் வீட்டாரின் சொல்லையும் கேட்டுத் திரும்பினார் என்பதே அன்றைய திடப்படுத்துதலின் பொருள். தமிழகத் திருச்சபைகளின் உபதேசியார் மரபையும் வீட்டு ஜெபக் கூட்டங்களையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.