நகரும் மின்னூட்டத்தின் மின்புலம்: ஹெவிசைடு முதல் கல்பாக்கம் வரை

முன்னுரை

அசையாதிருக்கும் மின்னூட்டத்தின் மின்புலம், சம தொலைவில் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினது. அம்மின்னூட்டம் நகரும்போது அதன் புலம் எவ்வாறு மாறும் என்னும் வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே விடை காணப்பட்டது. எனினும் அவ்விடையின் ஒரு பகுதி நெடுங்காலம் மறக்கப்பட்டது. அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹெவிசைடின் கணக்கு

இங்கிலாந்தில் தந்திப் பணியாளராக இருந்த ஆலிவர் ஹெவிசைடு, சீரான வேகத்தில் நகரும் மின்னூட்டத்தின் புலத்தை 1888-89ஆம் ஆண்டுகளில் கணக்கிட்டார். வேகம் கூடக்கூடப் புலம் இயக்கத் திசையில் நலிந்து, அதற்குச் செங்குத்தான திசையில் வலுக்கிறது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில், முன்னும் பின்னும் புலம் 0.19 மடங்காகக் குறைகிறது. பக்கவாட்டில் ஏறத்தாழ 2.3 மடங்காகிறது.

ஹெவிசைடு இத்துடன் நிற்கவில்லை. ஓர் ஊடகத்தில் ஒளி செல்லும் வேகத்தை மின்னூட்டம் விஞ்சினால், புலம் அதனுடன் ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கிக் கூம்பு வடிவம் கொள்ளும் என்றும் காட்டினார். விரைந்து செல்லும் படகின் பின்னே அலைகள் விரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

மறதியும் மறுகண்டுபிடிப்பும்

அக்காலத்தில் எலக்ட்ரானே அறியப்படவில்லை; அது 1897இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே கூம்பினைச் சோதிக்க வழியில்லை. 1904இல் சொம்மர்ஃபெல்டு வெற்றிடத்திற்கு இத்தகைய கணக்கை மேற்கொண்டார். அடுத்த ஆண்டே வெளிவந்த ஐன்ஸ்டைனின் சார்பியல், வெற்றிடத்தில் ஒளியை எப்பொருளும் முந்தாது என்றது. ஊடகத்திற்கு அத்தடை இல்லை என்பது கவனம் பெறவில்லை.

1934இல் சோவியத் ஒன்றியத்தில் வவிலோவின் மாணவர் செரன்கோவ், காமாக் கதிர் பட்ட நீர்மங்களில் மங்கிய நீல ஒளியைக் கண்டு அறிவித்தார். அதன் காரணத்தை 1937இல் ஃபிராங்கும் தாமும் விளக்கினர். மூவருக்கும் 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெவிசைடோ 1925இலேயே மறைந்துவிட்டார்.

கல்பாக்கத்து நீர்

படாளத்திற்குக் கிழக்கே, கடற்கரையில் அமைந்த கல்பாக்கத்தில் இக்கணக்கு நாள்தோறும் மெய்ப்படுகிறது. அங்கு 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி ஆய்வு உலை, யுரேனியம்-233 எரிபொருளால் இயங்குவது, 30 கிலோவாட் திறனுடையது, நீரால் குளிர்விக்கப்படுவது. நீரில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர். ஏறத்தாழ 0.26 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட இயக்க ஆற்றலுடைய எலக்ட்ரான் அதனை விஞ்சும். உலையின் காமாக் கதிர்கள் நீரிலுள்ள எலக்ட்ரான்களுக்கு அவ்வாற்றலை ஊட்ட வல்லவை. பின்தங்கிய புலமே அங்கு ஒளியாகிறது.

முடிவுரை

ஹெவிசைடின் முடிவு பிழையென்று தள்ளப்படவில்லை. அதனைக் காட்டக்கூடிய துகளும் கருவியும் இல்லாத காலத்தில் அது பிறந்தது. அறிவியல் வரலாற்றை எழுதுவோர், ஒரு நிகழ்வு கண்ணுக்குப் புலப்பட்ட ஆண்டோடு அது கணக்கில் புலப்பட்ட ஆண்டையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.