பேரரசியும் பேரப்பிள்ளைகளும்

வரலாற்று நூல்களிலே அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் காண்கின்றோம். அவர்களது மாளிகையினுள்ளே குழந்தைகள் எழுப்பிய ஓசையைக் கேட்பது அரிது. அவ்வோசை நம் காதில் விழும்படி எழுதி வைத்துச் சென்ற அரசர் மிகச் சிலரே. அவருள் ஒருவர், ருஷிய நாட்டை 1762 முதல் 1796 வரை ஆண்ட இரண்டாம் கத்தரீன். துருக்கியரோடு பொருது கருங்கடற் கரையைக் கைப்பற்றியவர், போலந்து நாட்டைப் பங்கிட்டவர்களுள் ஒருவர், பிரெஞ்சு அறிஞர் வோல்த்தேயருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் என்றெல்லாம் மாணவர் அவரைப் படிக்கின்றனர். அவர் ஓர் அப்பாச்சியாகவும் இருந்தார் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. நேயர்களே, இன்று நாம் நோக்கவிருப்பது அந்த அப்பாச்சியைத்தான்.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குதல் வேண்டும். 1744ஆம் ஆண்டிலே ஜெர்மானியச் சிற்றரசு ஒன்றிலிருந்து, சோபியா என்னும் பெயருடைய பதினான்கு வயதுச் சிறுமி ருஷியாவுக்கு வந்தாள். அங்கே சமயமும் பெயரும் மாறிக் கத்தரீன் ஆனாள். மறு ஆண்டில் பட்டத்து இளவரசனை மணந்தாள். 1754இல் பாவெல் என்னும் ஆண்குழந்தை பிறந்தது. அப்போது ஆட்சி செய்தவர் கணவனின் சிறிய தாயாரான எலிசபெத்துப் பேரரசி. குழந்தையைக் குளிப்பாட்டித் துணியிற் சுற்றியதும், பேரரசி அதனைத் தம்முடைய அறைக்கு எடுத்துச் செல்வித்தார். பெற்றவளை அனைவரும் மறந்தனர். குளிர்காற்று வீசும் அறையிலே, தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பாருமின்றித் தாம் கிடந்ததைக் கத்தரீன் தமது நினைவுக் குறிப்புகளிலே எழுதியுள்ளார். பிள்ளையை மீண்டும் கண்ணாற் காண நாற்பது நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. பிள்ளை நலமா என்று கேட்டாற்கூடப் பேரரசியின் பராமரிப்பில் ஐயங்கொண்டதாகப் பொருள்படும் என்று அஞ்சி, மறைவாகவே செய்தி அறிந்தார். காணும் வேளையிலோ, வெப்பம் மிகுந்த அறையிலே, கம்பளித் துணியாற் சுற்றப்பட்டு, கருநரித் தோல் விரித்த தொட்டிலிலே, பஞ்சுப் போர்வைகளின் கீழ் வியர்த்துக் கிடந்தது குழந்தை.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1777ஆம் ஆண்டு டிசம்பரில், அந்தப் பாவெலுக்கு முதற் புதல்வன் பிறந்தான். அவனுக்கு அலெக்சாந்தர் என்று பெயரிட்டனர். தாய் மரியாவுக்கு வயது பதினெட்டு. அவரும் ஜெர்மானிய இளவரசியே. அவருடைய பழைய பெயரும் சோபியாவே. இப்பொழுது பேரரசியாய் இருந்தவர் கத்தரீன். அவர் என்ன செய்தார்? தமக்கு எது செய்யப்பட்டதோ அதையே மருமகளுக்குச் செய்தார். குழந்தையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

ஆயினும் எலிசபெத்து வளர்த்த முறை வேறு. கத்தரீன் வளர்த்த முறை வேறு. தொட்டில் இல்லை, ஆட்டுதல் இல்லை. இரும்புக் கட்டிலிலே தோல் மெத்தை இட்டு, அதன்மேல் குழந்தையைக் கிடத்தினர். அறையில் மிகுந்த வெப்பம் ஆகாது என்பது கட்டளை. காற்று உலவும்படி சாளரங்கள் திறக்கப்பட்டன. வெந்நீரிலிருந்து படிப்படியாகத் தண்ணீருக்குக் குளியலைப் பழக்கினர். கை கால்களை இறுக்கிக் கட்டும் வழக்கத்தை அறவே நீக்கி, பேரரசியே ஓர் ஆடையைத் திட்டமிட்டார். அது முழுவதும் ஒன்றாய்த் தைக்கப்பட்டது. ஒரே வீச்சில் அணிவிக்கத் தக்கது. முதுகுப் புறத்திலே சில கொளுவிகளால் மூடப்படுவது. பாரிசில் வாழ்ந்த கிறிம் என்னும் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் அவ்வாடையைப் படமாகவே வரைந்து காட்டி, சுவீடன் மன்னரும் பிறஷ்ய இளவரசரும் அதன் மாதிரியைக் கேட்டுப் பெற்றதைப் பெருமையுடன் குறிப்பிட்டார். உலகப் பேரரசு ஒன்றின் தலைவி, குழந்தைச் சட்டையின் வெட்டும் தையலும் பற்றிப் பேசும் அந்தக் கடிதங்கள் 1878இல் ருஷியாவில் அச்சேறின.

அக்கடிதங்களிலே நாம் காண்பது எப்பாட்டியும் அறிந்த ஒரு குதூகலம். அலெக்சாந்தர் நாள்தோறும் பேரரசியின் அறைக்கு வருவான். சட்டங்கள் எழுதப்படும் மேசையின் அருகே விளையாட்டுப் பொருள்கள் இறைந்து கிடக்கும். அவர் தம் அலுவலைப் பார்ப்பார். அவன் தன் அலுவலைப் பார்ப்பான். சலிப்புத் தோன்றினால் அவன் போய்விடலாம். ஆனால் பெரும்பாலும் போவதில்லை. புதிது புதிதாய் விளையாட்டு ஆக்குவதில் பேரரசி பேரனுக்குச் சளைத்தவரல்லர். 1779இல் இரண்டாம் பேரன் பிறந்ததும் ஆரவாரம் இரு மடங்காயிற்று. கொன்ஸ்தாந்தினோப்பிளைத் துருக்கியரிடமிருந்து மீட்டு அங்கே அவனை முடிசூட்டலாம் என்னும் கனவினால், கொன்ஸ்தாந்தீன் என்று பெயரிட்டுக் கிரேக்கப் பெண்ணொருத்தியைச் செவிலியாக அமர்த்தினார். சற்று வளர்ந்தபின் கோடைகாலத்தில் இருவரும் மண்ணைக் கிளறுவர்; பயறு விதைப்பர்; கோவா நடுவர்; வியர்க்க வியர்க்க உழைத்து நீரோடையில் இறங்கிக் குளிப்பர்; பின்பு வலைகொண்டு மீன் பிடிப்பர். இவ்வளவையும் மகிழ்ச்சி பொங்கக் கிறிமுக்கு எழுதுவார் கத்தரீன்.

பேரன்மாருக்கு வாசிப்பதற்கு ஏற்ற நூல்கள் இல்லையென்று கண்டபோது, தாமே எழுத முற்பட்டார். எழுத்துப் பயில ஒரு நூலும், நீதிக் கதைகளும் அவரிடமிருந்து வந்தன. 1781இல் எழுதிய குளோர் இளவரசன் கதை அவற்றுள் ஒன்று. முள்ளில்லாத ரோசாவைத் தேடிச் செல்லும் சிறுவன், பகுத்தறிவின் துணையால் அதை மலையுச்சியிலே கண்டடைகிறான், அம்மலர் நல்லொழுக்கமேயாம். ருஷிய மொழியிலே சிறுவருக்கென்றே எழுந்த கதைகளுள் மிகப் பழைய சிலவற்றுள் இதுவும் அடங்கும். அதே 1781இல், ஆங்கில வைத்தியர் தோமஸ் டிம்ஸ்டேலை வரவழைத்து இரு சிறுவர்க்கும் வைசூரி தடுக்கும் குத்தூசி முறையைச் செய்வித்தார். 1768இல் நாடே அஞ்சி ஒதுங்கிய அம்முறையை முதலில் தம்மேனியிலே செய்வித்துக்கொண்டவர் அவர். பேரனுக்குத் தேடிய நலம், தாம் சோதித்தறிந்த நலமே.

இனி, இம்மகிழ்ச்சியின் மறுபுறத்தையும் பார்த்தல் கடன். 1781ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே பாவெலும் மரியாவும் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டனர். அம்மைக் குத்தலுக்குப் பின் பிள்ளைகளை விட்டுப் பிரிய நேர்ந்த வேளையில், மரியா நினைவிழந்த நிலையிலேயே வண்டியில் ஏற்றப்பட்டார் என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்பே பெற்றோர் திரும்பினர். 1787இல் கத்தரீன் கிரீமியாவுக்குச் சென்றபோது பேரன்மாரையும் கூட்டிச் செல்ல எண்ணினார். பெற்றோர் இருவரும் கெஞ்சி எழுதினர். அதற்குப் பேரரசி அளித்த மறுமொழியின் கருத்து, பிள்ளைகள் பெற்றோருக்கும், தமக்கும், அரசுக்கும் உரியவர்கள் என்பது. பிள்ளைகள் நோயுற்றமையாலேயே அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. தாயின் வேண்டுகோள் தடுக்கமாட்டாததை நோய் தடுத்தது.

இதன் விளைவு அலெக்சாந்தரின் உள்ளத்திலே விளைந்தது. பேரரசியின் சபையிலே அறிவும் நாகரிகமும். தந்தை வாழ்ந்த காட்சினாவிலே படைப் பயிற்சியும் மனக்கசப்பும். அங்கொரு முகம், இங்கொரு முகம் என்று இரண்டு முகங்களோடு வாழப் பழகினான் சிறுவன் என்பது ருஷிய வரலாற்றாசிரியர் கிளுச்செவ்ஸ்கியின் கருத்து. மகனை ஒதுக்கிவிட்டுப் பேரனையே அரசனாக்கக் கத்தரீன் விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறுமுன் 1796 நவம்பரில் அவர் இறந்தார். அரியணை ஏறிய பாவெல், 1797இல் முடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, மகனைத் தாண்டி ஆட்சியுரிமை செல்லாதபடி செய்தார். 1801 மார்ச்சிலே அவர் சதிகாரரால் கொல்லப்பட்டார். தந்தையை அரியணையிலிருந்து நீக்கும் சதியை அலெக்சாந்தர் அறிந்திருந்தான். கொலைக்கு அவன் உடன்படவில்லை. எனினும் அந்தப் பாரம் அவன் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. முடிசூடிய புதிதில் விடுத்த அறிக்கையிலே, பாட்டியாரின் சட்டப்படியும் அவர் உள்ளப்படியும் ஆள்வதாக அவன் வாக்களித்தான். தந்தையைப் பின்பற்றுவதாக ஒரு சொல்லும் கூறவில்லை.

கத்தரீனின் அன்பு பொய்யன்று. மண்ணில் விளையாடவிட்டதும், கதை எழுதித் தந்ததும், கட்டின்றி வளர்த்ததும் மெய்யன்பின் செயல்களே. அவர் காலத்து அரண்மனைப் பிள்ளைகள் பலருக்குக் கிட்டாத குழந்தைப் பருவம் அலெக்சாந்தருக்குக் கிட்டியது. ஆயின், அம்மகிழ்ச்சி முழுவதும் வேறொரு பெண்ணிடமிருந்து எடுத்தது. தாம் பட்ட துன்பத்தை விவரமாக எழுதி வைத்த கை, அதே துன்பத்தை மருமகளுக்கு வழங்கத் தயங்கவில்லை. துன்புற்றவர் பிறரைத் துன்புறுத்தார் என்று எண்ணுவது நம் விருப்பமே தவிர, வரலாறு அதற்கு எப்போதும் சான்று பகர்வதில்லை.

எங்கள் ஊர்களிலே அப்பாச்சியும் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது நாள்தோறும் நிகழும் செயல். வீடு அலங்கோலமாகும், அடுப்பிலே பால் பொங்கி வழியும், பாட்டியின் மூக்குக் கண்ணாடி காணாமற் போகும், அவர் கோபித்துக்கொண்டே சிரிப்பார். மாலையில் தாய் வந்து பிள்ளையைக் கையில் ஏந்தும்போது அந்த மகிழ்ச்சி குறைவதில்லை. நாளைக்கும் பிள்ளை வரும் என்பதால் அது நிறைவுறுகிறது. அதிகாரமிக்க பேரரசிக்குக் கிட்டாத நிறைவு இது. கத்தரீன் இறந்தபின், மரியா தம் கடைசிப் பிள்ளைகளான அன்னா, நிக்கொலாய், மிகயில் ஆகிய மூவரையும் தம் அருகிலேயே வைத்து வளர்த்தார். முதற் பிள்ளை பிறந்து ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னரே, தம் குழந்தைகளின் ஓசை அத்தாயின் வீட்டிலே தடையின்றி ஒலித்தது.