ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை: கல்முனைக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பாடஞ் சொல்லத் தகுந்த மாணாக்கர் யாவர் என்பதற்கு நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு பட்டியல் தருகின்றது. ஆசிரியனின் மகன், அரசனின் மகன் முதலியோருடன் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனும் அதில் இடம்பெறுகின்றான். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் இதனைக் கூச்சமின்றியே சொல்லியுள்ளார். கற்பித்தவனுக்கு நன்றி பாராட்டுதலும் அவன் வயிற்றுக்கு வழி செய்தலும் அக்காலத்தில் ஒரே செயலாய் இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். அவ்விரண்டும் எப்பொழுது பிரிந்தன, பிரிந்தபின் பெற்றோரின் கடமை யாதாயிற்று என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தோமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மாணவன் ஒருவன் மாதந்தோறும் நான்கு அணா முதல் எட்டு அணா வரை கொடுத்தான். ஆசிரியர்க்குப் பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாவுக்கு மேல் கிடைக்கவில்லை. தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க இவ்வருவாய் போதாது என்பது மன்றோவின் கருத்து. இக்குறையைத் திருநாள்கள் ஓரளவு ஈடுசெய்தன. நவராத்திரிக் காலத்தில் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் மாணாக்கரை அலங்கரித்து வீடுவீடாக அழைத்துச் செல்வார், பிள்ளைகள் பாடுவர், வீட்டார் உபாத்தியாயருக்குப் பணம் அளிப்பர். உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் இவ்வழக்கத்தை விருப்புடன் நினைவுகூர்கின்றார். எனினும், கையில் ஒன்றுமில்லாத வீட்டின் வாயிலில் அப்பாட்டு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்முனைக் கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளையின் பெற்றோர் வெற்றிலையோடு தட்சணை வைத்தனர். அடுத்த ஊரில் லெப்பையிடம் அரபெழுத்துக் கற்கத் தொடங்கிய பிள்ளை குர்ஆனை ஓதி முடித்த நாளில், அதன் பெற்றோர் விருந்தளித்து, கற்பித்தவருக்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். நெல்வயலும் கடலும் தறியும் சோறு தரும் நாட்டில் இக்கொடை விளைச்சலைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வந்தமை இயல்பே.

ஆயின் கொடை எங்கே முடிகின்றது, கட்டாயம் எங்கே தொடங்குகின்றது? இவ்வினா இஸ்லாமிய உலகில் மிகப் பழையது. இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் வாழ்ந்து 870இல் மறைந்த முஹம்மத் இப்னு ஸஹ்னூன், ஆசிரியர் ஒழுக்கம் பற்றித் தனி நூலொன்று எழுதினார். நீதிபதியாயிருந்த தம் தந்தையிடம் கேட்டறிந்த தீர்ப்புகள் பல அதில் உள்ளன. பேசிய ஊதியத்துக்கு மேல் அன்பளிப்பு எதனையும் ஆசிரியர் பிள்ளைகளிடம் கேட்டல் ஆகாது. கேட்டதன்பேரில் அவர்கள் கொண்டுவந்தாலும் அது அவருக்கு விலக்கப்பட்டது. கேளாமல் கொடுத்தால் மட்டும் பெறலாம். அன்பளிப்புக் கொண்டுவந்த நாளில் பிள்ளைகளை நேரத்தோடு விட்டுவிடுதலும் கூடாது. அவ்விடுதலையே அடுத்த அன்பளிப்பைத் தூண்டும் என்பது காரணம். பிள்ளைகளின் இயல்பை நன்கறிந்த ஒருவரே இதனை எழுதியிருத்தல் கூடும்! அதே நூல் ஆசிரியரின் உரிமையையும் கைவிடவில்லை. குர்ஆன் முடித்தலுக்கான கொடை எப்பொழுது கடமையாகும் என்ற கேள்விக்கு, பிள்ளை மூன்றில் இரண்டு பங்கைக் கடந்ததும் என்று விடை தரப்படுகின்றது. இது மாலிக்கி மத்ஹபைச் சார்ந்த நூல். நம் கரையோரத்தார் ஷாபிஈ மத்ஹபினர். ஆதலின் இந்நூலே இங்கு வழிகாட்டியது எனல் பொருந்தாது. வினா ஒன்றே என்பது மட்டும் மனங்கொளத்தக்கது.

மிசனரிமார் திறந்த பாடசாலைகள் 19ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கும் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தன. கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் 1892இல் அயலூரான காரைதீவில் பிறந்த மயில்வாகனம். சுவாமி விபுலாநந்தராகிய அவர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஊரில் தமக்குக் கற்பித்த குஞ்சித்தம்பி ஆசிரியரைப் போற்றி அவர் செய்யுள் இயற்றியுள்ளார். அச்செய்யுள் இல்லையேல் அவ்வாசிரியரின் பெயர் காரைதீவுக்கு அப்பால் சென்றிராது. பெற்றோர் அளித்த தட்சணை அவர்கள் காலத்தோடு செலவாகியிருக்கும். மகன் அளித்த செய்யுள் எஞ்சியுள்ளது. ஆயினும் செய்யுள் பாடும் பிள்ளை எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை.

பெருமாற்றம் 1945இல் நிகழ்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வித் திட்டத்தால் அரசாங்கப் பாடசாலைகளிலும் திட்டத்தில் இணைந்த உதவி பெறும் பாடசாலைகளிலும் ஆங்கிலக் கல்விக்கான கட்டணம் நீங்கியது. ஆசிரியரின் சம்பளம் அரசின் பொறுப்பாயிற்று. 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி தோன்றியது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றோர் தத்தம் ஊர்ப் பாடசாலைகளுக்கே திரும்பினர். பவணந்தியார் காலந்தொட்டு ஒன்றாய் இருந்த ஊதியமும் மரியாதையும் இவ்வாறு பிரிந்தன. பிரிந்தமையால் பிறிதொன்றும் நேர்ந்தது. மன்றோ காலத்து ஆசிரியர் பெற்றோரை நம்பிப் பிழைத்தவர். புதிய ஆசிரியரோ மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடையவர். மருதமுனைத் தறியாளரும் சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளரும் அவரிலும் வறியவர். இந்நிலையில் கொடை வறியவரிடமிருந்து வசதியுடையவரை நோக்கிப் பாயத் தொடங்கியது.

இன்று இலங்கையில் ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அன்று வகுப்புக்கு இவ்வளவென்று ஒரு தொகை குறித்துப் பரிசுப் பொருள் வாங்குமிடத்து, கொடுக்க இயலாத தாய் தன் பிள்ளையை அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள நேரும். ஆசிரியர் கேட்டிராவிடினும் பெற்றோர்க்குள் ஒருவரையொருவர் கேட்டல் நிகழ்ந்துவிடுகின்றது. ஸஹ்னூனின் தீர்ப்பு இதனையும் தழுவும் எனக் கொள்வதில் தவறில்லை. சம்பளம் பெறுபவருக்குப் பெற்றோர் செய்யக்கூடியவை வேறு. பிள்ளையின் முன்னிலையில் அவரை இழித்துப் பேசாதிருத்தல், கூட்டத்துக்கு அழைத்தால் வேலையை விட்டேனும் செல்லுதல், பிள்ளை தேறிய செய்தியைத் தாமே சென்று சொல்லுதல், ஓய்வுபெற்ற பின்னும் வீட்டு விசேடங்களுக்கு அவரை அழைத்தல். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. நேரம் வேண்டும், அதுவே பலரிடம் அரிதாயுள்ளது.

1945இன் ஏற்பாட்டுக்குப் புறத்தே நிற்பவர் குர்ஆன் மத்ரஸாவின் முஅல்லிம். பள்ளிவாசலையும் பெற்றோரையும் நம்பியே அவருடைய வாழ்க்கை இன்றும் நடைபெறுகின்றது. பாடசாலை ஆசிரியருக்குப் பரிசுப்பொதி தேடி அலையும் அதே வீட்டில், மத்ரஸாவுக்குரிய சிறுதொகை மாதக்கணக்கில் நிலுவையாய் நிற்பதுண்டு. மூன்றில் இரண்டு பங்கு ஓதிவிட்ட பிள்ளையை இடையில் நிறுத்திப் புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்பும் தந்தை, கைரவான் நீதிபதியின் கணக்கில் இன்னும் கடனாளியே.